கூலரை மாற்றலாமா? கொளத்தூர் மாடி அறைக் கம்ப்யூட்டர், கத்திரி முதல் ஆடி வரை

மே மாதம் இரண்டாவது வாரம், மதியம் மூன்று மணிக்கு போன் வந்தது.

"அண்ணா, ஒரு லிக்விட் கூலர் பார்த்து வெச்சிருக்கேன். 240 எம்எம். ஏழாயிரத்துச் சொச்சம் சொல்றாங்க. வாங்கிடட்டுமா?"

"இப்ப இருக்கறதுக்கு என்னப்பா ஆச்சு?"

"95 டிகிரி காட்டுதுண்ணா. மிக்ஸி ஓடற மாதிரி சத்தம் வேற."

லிக்விட் கூலர் என்றால் பிராசஸரின் சூட்டைக் குழாயில் ஓடும் திரவத்தால் எடுத்துப்போய், ஃபேன் பொருத்திய ரேடியேட்டர் தகட்டில் விடும் கூலர். கேட்டவன் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். அவனுடைய கம்ப்யூட்டரை 2021-ல் நான்தான் அசெம்பிள் செய்து கொடுத்தேன், அதனால் அது படுத்தால் பாதிப் பழி என் மேல். அன்று அவன் சொன்னதில் சூடு ஒரு புகார், சத்தம் இன்னொரு புகார். இரண்டும் ஒன்றுதான் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். அவை வேறு வேறு என்று பிடிபட ஆடி மாதம் ஆகிவிட்டது.

"வாங்காத, இரு. ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்றேன்.

இயந்திரமும் அறையும்

ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸர் (சிப் என்று நான் சொல்வது இதைத்தான்), அதன் மேல் உட்காரும், அதன் பெட்டியிலேயே வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர், பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காற்று உள்ளே போக இரு ஓரத்திலும் விரல் அகலத்துக்கு ஒரு சந்து, அவ்வளவுதான். பின்பக்கம் ஒரே ஒரு ஃபேன். அந்தக் கேபினெட்டைத் தேர்ந்தெடுத்தது அவன். வேண்டாம் என்று அழுத்திச் சொல்லாதது நான்.

அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொளத்தூரில் இரண்டாவது மாடி, மேலே நேராக மொட்டை மாடி. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு பதினொன்று வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். கத்திரி நாட்களில் கடல்காற்று கடற்கரையை விட்டுக் கிளம்பி இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். சென்னை 45 டிகிரி பார்த்த ஊர், 2003 மே 31 அன்று. அந்த அளவுக்குப் போகாத சாதாரண மே மாத நாளிலேயே இந்த அறைக்குள் ஏசி இல்லாமல் உட்கார்ந்திருப்பது ஒரு தவம். ஏசி இருப்பது அவன் அப்பா அம்மா படுக்கும் அறையில்.

கூலர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் அம்மா எட்டிப் பார்த்தார். "கூலரா? ஹாலுக்கா தம்பி? நம்ம ஊர்ல அது வேலை செய்யாதே, புழுக்கம்தான் ஏறும்." கம்ப்யூட்டருக்கு என்று விளக்கியதும், "அதுக்கு மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான்.

முதல் அளவு

கையில் கொண்டுபோனது ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர். இதை யாரும் கொண்டுபோவதில்லை. பிராசஸர் எத்தனை டிகிரி என்று எல்லோரும் பார்க்கிறார்கள், அறை எத்தனை டிகிரி என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கூலர் எதையும் குளிரவைப்பதில்லை. சிப்பில் பிறக்கும் சூட்டை எடுத்து அறைக் காற்றில் கொட்டுகிறது. அறைக் காற்றைவிடக் கீழே அதனால் போகவே முடியாது, ஃபேன் மட்டும் உள்ள கூலரானாலும் லிக்விட் கூலரானாலும். அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அதனால் பெங்களூரில் ஒருவர் ஜனவரியில் எடுத்த எண்ணைக் கொளத்தூரில் மே மாதம் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பொருள் இல்லை. அறையின் டிகிரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

மதியம் மூன்றரைக்கு அறை 37 டிகிரி. பிராசஸருக்கு முழு வேலை கொடுத்து வேகத்துக்கு மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பக்கத்தில் சூடு, வாட், ஃபேன் வேகம் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்தேன். இரண்டு நிமிடத்துக்குள் 95. அதற்கு மேல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. ஃபேன் நிமிடத்துக்கு 2,700 சுற்றைத் தொட்டு நின்றது.

95 என்ற எண்ணைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் 5600எக்ஸுக்கு ஏஎம்டி விதித்த உச்சவரம்பே 95. அங்கே வந்ததும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு அந்தக் கோட்டிலேயே நிற்கும். எரிந்துபோகாது. அதற்குப் பின் வந்த ரைசன் 7000 வரிசையில் முழு வேலையின்போது 95-ல் ஓடுவது வடிவமைப்பிலேயே உள்ளது என்று அந்த நிறுவனமே சொன்னது. ஆக, டிகிரி மட்டும் தனியாக எதையும் சொல்லாது. பக்கத்தில் இருக்கும் வாட் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

5600எக்ஸின் அட்டையில் 65 வாட் என்று போட்டிருக்கும். நடைமுறையில் போர்டு அதற்கு 76 வாட் வரை விடும். முழு வேலையின்போது வாட் 76-லேயே நின்றால், சிப்பைத் தடுத்து நிறுத்துவது மின்சார வரம்பு. அங்கே எவ்வளவு நல்ல கூலர் போட்டாலும் வேகம் பெரிதாக ஏறாது. டிகிரி 95-ல் நின்று, வாட் 76-க்குக் கீழே விழுந்தால், தடுப்பது சூடு. அங்கேதான் கூலருக்கு வேலை. எங்கள் திரையில் அன்று 70 வாட். வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தொங்கியது. மதிப்பெண் 10,300 சொச்சம்.

"அப்ப லிக்விட் போட்டுடலாம்ல?" என்றான்.

சூடுதான் தடுக்கிறது என்பது சரி. சூடு எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பது இன்னும் தெரியவில்லை. கூலரின் தகட்டிலா, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்டிலா, கேபினெட்டுக்குள்ளா? இதற்குச் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே பத்து நிமிடத்தை மறுபடி ஓட்டினேன். 91 டிகிரி, 76 வாட். கதவு ஒன்றைக் கழற்றியதிலேயே சூட்டு வரம்பு போய்விட்டது. கூலர் முழுக் குற்றவாளி இல்லை. பெட்டிக்குள் காற்று வரவில்லை.

தூசி

டார்ச் அடித்துக் கூலர் ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவே பார்த்தேன். அலுமினியத் தகடுகள் தெரியவில்லை. அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில், டிரையர் பஞ்சு போலக்கூட இல்லை, கம்பளித் துணி போல ஒரு அடுக்கு படிந்திருந்தது. ஸ்குரூடிரைவர் நுனியால் ஓரத்தைத் தூக்கினால் முழுத் துண்டாக எழுந்து வந்தது. விரலில் தேய்த்தால் லேசாகப் பிசுபிசுப்பு. மூக்கின் பக்கத்தில் கொண்டுபோனேன், சாம்பிராணி வாசனை. பூஜை அலமாரி அதே அறையில், கம்ப்யூட்டரிலிருந்து நாலடி தூரத்தில். வெள்ளிக்கிழமைதோறும் புகை போடுகிறார்கள். சாலைத் தூசியோடு அந்தப் புகையின் பிசுக்கும் சேர்ந்தால் ஊதினாலும் போகாத மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

பெயின்ட் பிரஷ் ஒன்று, அப்புறம் புளோயர். மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த்தான் செய்தோம். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் அது கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் கெட்டுப்போகும். முன் சந்தில் இருந்த வலையைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்தோம். நாற்பது நிமிட வேலை.

கதவை மூடி, மறுநாள் அதே நேரத்துக்கு அவனே ஓட்டிப் பார்த்துப் படம் அனுப்பினான். அறை அதே 37. சிப் 90, வாட் 76, மதிப்பெண் 11,000. எழுநூறு மதிப்பெண் அந்தத் தூசியில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு 120 எம்எம் ஃபேன் வாங்கி முன்பக்கம் மாட்டச் சொன்னேன். பின்னால் வெளியேற்றும் ஃபேன் ஒன்று மட்டும் இருந்தால் பெட்டி எந்த இடுக்கில் வழி கிடைக்கிறதோ அங்கிருந்தெல்லாம் காற்றை உறிஞ்சும், தூசியோடு. முன்னால் வலைக்குப் பின்னே ஃபேன் இருந்தால் வரும் காற்று வலை வழியாக வரும். அதோடு, 3060 முழு வேலையில் 170 வாட் வரை சூட்டைப் பெட்டிக்குள்ளேயே விடும் கார்டு. ஸ்டெல்த் கூலர் அந்தச் சூடான காற்றைத்தான் எடுத்துத் தன் தகட்டில் ஊதிக்கொண்டிருந்தது. முன் ஃபேன்கள் வந்த பிறகு 87.

வைகாசியில் கூலரைத் தொடவில்லை

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஒரு டவர் கூலர், அதாவது கோபுரம்போல் உயர்ந்த தகடுகள் உள்ள கூலர், வாங்கி உடனே மாட்டுவது. மற்றொன்று, போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயோஸில் 76 வாட் என்ற வரம்பைக் கையால் குறைப்பது. இரண்டாவதை முதலில் சோதித்தோம். 60 வாட் என்று வைத்தால் சூடு 87-லிருந்து 77-க்கு இறங்கியது. மதிப்பெண் 10,500. அதாவது இருபது சதவீத மின்சாரத்தை வெட்டியதில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வேகமே போனது. உச்சியில் கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காக இந்தச் சிப்கள் அவ்வளவு மின்சாரம் விழுங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால், தூசியோடு 95-ல் தவித்தபோது கிடைத்ததைவிட 60 வாட்டில் நிம்மதியாக ஓடும்போது கிடைத்தது அதிகம்.

நிஜ வேலையில்? நாலு நிமிட ஹைலைட்ஸ் ஒன்று, 4கே, எப்போதும் அவன் செய்யும் கலர் எல்லாம் போட்டது. தூசியோடு ஏற்றுமதி ஆக 6 நிமிடம் 50 விநாடி. சுத்தம் செய்து 76 வாட்டில் 6:30. 60 வாட்டில் 6:41. ஏற்றுமதியில் பெரும் பகுதியை கிராபிக்ஸ் கார்டு பார்த்துக்கொள்வதால் பிராசஸரின் வித்தியாசம் இந்த அளவுக்குச் சுருங்கிப் போகிறது. 11 விநாடிக்காக யாரும் ஏழாயிரம் கொடுக்க மாட்டார்கள்.

டவர் கூலரைத் தள்ளிப் போட்டதற்குக் காரணம் காலண்டர். வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. அவனிடம் பதினோரு வீடியோ பாக்கி. பிராசஸரைச் செருகும் இந்த ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும், 1,331 பின். மூன்று நான்கு வருடம் காய்ந்த பேஸ்ட் பிராசஸரையும் கூலரையும் பசைபோலப் பிடித்திருக்கும். கூலரை நேராக இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிராசஸர் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஒரு வரிசை பின் சாய்ந்தால் அதை நிமிர்த்த ஊசியும் பொறுமையும் வேண்டும். ஒடிந்தால் புது பிராசஸர்தான். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை, பதினோரு குடும்பம் வீடியோவுக்குக் காத்திருக்கும்போது, 10 டிகிரிக்காக அந்த ஆபத்தில் தள்ள எனக்கு மனமில்லை.

"60 வாட்லயே விடு. வைகாசியும் ஆனியும் போகட்டும். ஆடியில உனக்கு வேலை இருக்காது, அப்ப பார்த்துக்கலாம்."

"சத்தம்?"

"ஹெட்போன் போட்டுக்கோ."

இந்தப் பதிலை நான் யோசிக்காமல் சொன்னேன். ஆனி மாதம் பாதியில் அவன் மறுபடி அழைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவன் இப்போது கல்யாண அழைப்பிதழ் வீடியோக்களும் செய்கிறான். அதற்கு அவனே குரல் கொடுக்கிறான், இதே அறையில், இதே மேசையில். மைக்கில் ஸ்டெல்த் ஃபேனின் இரைச்சல் விழுகிறது. அதைவிடத் தொல்லை, ஃபேன் ஒரே சீராக ஓடாமல் ஏறி இறங்குவது. ஒரே சத்தமாக இருந்தால் மென்பொருளில் துடைத்துவிடலாம். நடுவில் திடீரென்று எழும்பினால் வாக்கியமே கெட்டுவிடும். ரைசன் சிப் ஒரு விநாடியில் பத்து டிகிரி எகிறி அடுத்த விநாடியில் இறங்கும் வகை. ஃபேனும் அதைத் துரத்தும்.

மே மாதத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: இந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நீ என்ன செய்கிறாய்?

தேர்வு

சத்தம்தான் பிரச்சினை என்றானதும் லிக்விட் கூலர் தானாகவே விலகிவிட்டது. அதில் ரேடியேட்டர் ஃபேன் இரண்டோடு எப்போதும் ஓடும் பம்ப் ஒன்றும் உண்டு. ரேடியேட்டரை முன்னால் வைத்தால் அதே விரல் அகலச் சந்து வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். மேலே வைத்தால் இந்தக் கேபினெட்டில் ரேமை இடிக்கும். 142 வாட் வரை போகும் 5800எக்ஸ் என்றாலோ, 253 வாட் வரை இழுக்கும் ஐ7-13700கே என்றாலோ நானே வாங்கச் சொல்லியிருப்பேன். 76 வாட் சிப்புக்கு அது பக்கத்துத் தெருவுக்குப் போக லாரி பிடிக்கிற கதை.

டவர் கூலரின் தத்துவம் எளிது. சிப்பைத் தொடும் அடிப்பாகத்திலிருந்து செப்புக் குழாய்கள் மேலே போகும். அவற்றுக்குள் துளி நீர், காற்று நீக்கிய வெற்றிடம். அடியில் ஆவியாகும், மேலே தகடுகளில் சூட்டை விட்டு நீராகி உட்சுவரில் உள்ள துளைகள் வழியாகத் திரும்பும். தகட்டின் பரப்பு அதிகம் என்பதால் 120 எம்எம் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். ஒரே ஒரு குறை, ஸ்டெல்த் மேலிருந்து கீழே ஊதும்போது போர்டின் மின்சாரப் பகுதிக்கும் கொஞ்சம் காற்றுக் கிடைக்கும். டவர் பக்கவாட்டில் ஊதுவதால் அது நிற்கும். 76 வாட்டில் அது கவலைப்படும் விஷயமில்லை, முன் ஃபேன்களும் இருக்கின்றன.

டீப்கூல் ஏஜி400 என்று முடிவானது. நான்கு குழாய், உயரம் 150 எம்எம். இந்த உயரம்தான் வாங்குமுன் பார்க்க வேண்டியது. அவன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த அடி ஸ்கேலை போர்டின் மேல் நிறுத்தி, கதவு வரும் விளிம்பு வரை அளந்தோம். பிராசஸரின் கனத்தைக் கழித்து 160 வந்தது. சரி.

ரிச்சி தெருவில் வாங்கினோம். இரண்டாயிரத்துக்கு முன்பின். முதலில் ஏறிய கடையில், "இதுக்கு லிக்விட் போட்டாத்தான் சார் லுக்கா இருக்கும்" என்றார் கவுன்ட்டர் பையன். கண்ணாடிக் கேபினெட்டின் படத்தைக் காட்டியது எங்கள் தப்பு.

ஆடி, ஒரு செவ்வாய்

"செவ்வாய்க்கிழமையா?" என்று அம்மா ஒரு முறை கேட்டார். எங்களுக்கு அன்றுதான் நேரம்.

கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டி, சிப்பைச் சூடாக்கி, உடனே அணைத்து மின் இணைப்பைப் பிடுங்கினேன். சூட்டில் பேஸ்ட் இளகும். நான்கு ஸ்குரூவையும் மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இங்கே ஒரு விஷயம் எல்லோரையும் ஏமாற்றும்: ஸ்டெல்த்தின் ஸ்குரூக்கள் போர்டின் பின்னால் இருக்கும் தகட்டில் நேராக இறங்குகின்றன. நாலாவது ஸ்குரூ விடுபட்டதும் பின் தகட்டைப் பிடிக்க ஆளே இல்லை, பெட்டிக்குள் டங்கென்று விழும். அவனைப் பின்பக்கம் கைவைத்துப் பிடிக்கச் சொன்னேன்.

அப்புறம் கூலரைத் தூக்காமல், இடமும் வலமுமாக ஜாடி மூடியைத் திருகுவதுபோல் மெல்லத் திருகினேன். முதலில் அசையவில்லை. நாலைந்து திருகலுக்குப் பிறகு 'சொத்' என்று ஒரு சின்னச் சத்தம், கையில் வழுக்கல் தெரிந்தது. தூக்கினால் கூலர் மட்டும் வந்தது. பிராசஸர் சாக்கெட்டிலேயே இருந்தது. பின்பக்கத்திலிருந்து, "வந்துடுச்சாண்ணா?" என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். பழைய பேஸ்ட் ஓரத்தில் காய்ந்த சுண்ணாம்பாக இருந்தது, நடுவில் இன்னும் ஈரம். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியில் துடைத்தால் மூன்று தடவையில் போய்விட்டது.

நேராகப் புதுக் கூலரை மாட்டியிருக்கலாம். ஆனால் பேஸ்ட்டின் பங்கு எவ்வளவு என்று தெரியாமலேயே போய்விடும். புதுப் பேஸ்ட் வைத்துப் பழைய ஸ்டெல்த்தையே திரும்ப மாட்டி ஒரு முறை ஓட்டினேன். அவன் முகத்தில் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அன்று அறை 33. வரம்பைத் திரும்ப 76 வாட்டுக்கு ஏற்றியிருந்தோம். சிப் 80. அறையைக் கழித்தால் 47. மே மாதம் இதே கூலர், சுத்தம் செய்து ஃபேன் போட்ட பிறகு, 87-லிருந்து 37 போக 50. பேஸ்ட் கொடுத்தது மூன்று டிகிரி. கழிக்காமல் பார்த்திருந்தால் ஏழு டிகிரி குறைந்துவிட்டது என்று பேஸ்ட் டியூப்பைக் கொண்டாடியிருப்போம். அதில் நாலு டிகிரி ஆடிக் காற்று கொடுத்தது.

பிறகு ஏஜி400. அதே அறை, அதே வாட். 69 டிகிரி, மிச்சம் 36. ஃபேன் 1,150 சுற்று. மதிப்பெண் 11,060. சுத்தம் செய்த அன்று கிடைத்ததைவிட அறுபது கூடுதல். கல்யாண ஹைலைட்ஸ் ஏற்றுமதி 6:28. இரண்டு விநாடி லாபம்.

அதற்குப் பிறகு மைக்கை மேசையில் வைத்து, அளவை மாற்றாமல், பத்து விநாடி யாரும் பேசாமல் பதிவு செய்தோம். ஸ்டெல்த் இருந்தபோது காலையில் எடுத்து வைத்த பதிவும் டைம்லைனில் மேலேயே இருந்தது. பழையதில் அலைக்கோடு முழுக்க அருகம்புல் முளைத்த மாதிரி இருக்கும். புதியதில் கிட்டத்தட்டக் கோடு. மீட்டரில் 12 டெசிபல் வித்தியாசம். பயோஸில் ஃபேன் வளைவையும், அதாவது எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகம் என்ற கோட்டையும், 70 டிகிரி வரை தட்டையாக்கி, சூடு மாறினாலும் ஃபேன் சில விநாடி பொறுத்தே மாறும்படி வைத்துவிட்டேன். ஏறி இறங்கும் சத்தம் அதோடு நின்றது. உண்மையில் இந்தக் கடைசி வேலையை மே மாதமே, காசில்லாமல், ஓரளவுக்குச் செய்திருக்கலாம். அப்போது நான் 95-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்த் அதன் அட்டைப்பெட்டிக்குத் திரும்பி, பரணில் ஏறியது. அதன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை.

லிக்விட் கூலருக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம். சிப்பும் கார்டும் மற்றதும் சேர்ந்து முன்னூறு வாட் அந்த அறைக்குள்ளேயே கொட்டுகின்றன, மூன்று பழைய குண்டு பல்பு எரிகிற மாதிரி. எந்தக் கூலர் போட்டாலும் அது மாறாது என்று அவனிடம் சொன்னேன். மொட்டை மாடியில் அந்த அறைக்கு மேலே மட்டும் வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடிக்க வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறான். சரி என்று சொல்லிவிட்டாராம். தளம் இரண்டு டிகிரி குறைந்தால் அறையும் சிப்பும் சேர்ந்தே குறையும், அம்மாவுக்கும் பங்கு உண்டு. தெர்மாமீட்டரை அவன் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன், அடுத்த கத்திரிக்கு வேண்டும்.